மைக் பெண் கையில், பாட்டுப் பெட்டி யார் கையில்?

ரேடியோவில் பேசணும், ராப்பும் பாடணும் என்று ஒரே மூச்சில் சொல்லும் பெண்பிள்ளைகள் இப்போது கொடைக்கானலிலும் இருக்கிறார்கள், கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். முதல் ஆசைக்கு வீட்டில் அவ்வளவாக மறுப்பு வருவதில்லை. அறிவிப்பாளர் வேலை கௌரவமானது, முகம் வெளியே தெரியாது, அரசு நிலையம் என்றால் இன்னும் நல்லது. இரண்டாவதைச் சொன்னதும் பேச்சு மாறிவிடும். "அது ஆம்பளைப் பசங்க பாடுறதும்மா" என்பார்கள். இந்த இரண்டையும் சம்பந்தமில்லாத இரண்டு தொழிலாகப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ராப் வளர்ந்த ஊர்களில் வானொலியும் அதுவும் அக்கம்பக்கமாகவே வளர்ந்தன. பெண்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாகப் போய்வந்திருக்கிறார்கள். அவர்களில் நீண்ட காலம் நின்று விளையாடியவர் நியூயார்க்கின் ஆஞ்சி மார்டினெஸ். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் நம் மலையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது விளங்கும்.

ஆஞ்சி 1971-இல் புரூக்ளினில், போர்ட்டோ ரிக்கோ வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். தாய் வானொலி நிர்வாகத்தில் இருந்தவர். அதனால் ஒரு நிலையம் எப்படி நடக்கிறது, அங்கே யார் சொல் எடுபடும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே அவர் காதில் விழுந்திருக்கும். பதின்பருவத்தில் மயாமியில் ஒரு நிலையத்தில் பயிற்சியாளராக நுழைந்தார். நியூயார்க் திரும்பி ஹாட் 97 பண்பலையில் சேர்ந்தபோதும் யாரும் மைக்கைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடவில்லை. நிலையத்தின் வண்டியை ஓட்டுவது உட்பட எடுபிடி வேலைகள்தான் முதலில். ஹாட் 97 அப்போது நடனப் பாட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 1990-களின் முதல் பாதியில் அது முழுக்க, ராப் பாட்டை மையமாகக் கொண்ட ஹிப்ஹாப் பக்கம் திரும்பியது. தெருவில் கேட்ட இசைக்குப் பகல் நேரத்தில், பெரிய நிலையத்தில், முழு நாளும் இடம் கிடைத்தது. அந்தத் திருப்பத்தில் உள்ளே இருந்து, அந்த இசையைக் கேட்டு வளர்ந்த ஒரு இளம்பெண்ணுக்கு மாலை நேர நிகழ்ச்சி வந்து சேர்ந்தது.

1996-இல் ராப்பர் டூபாக் ஷகூரைப் பேட்டி காண ஆஞ்சி லாஸ் ஏஞ்சலிஸ் போனார். அமெரிக்காவின் கிழக்குக் கரை ராப்பர்களுக்கும் மேற்குக் கரை ராப்பர்களுக்கும் பகை முற்றியிருந்த நேரம் அது. மேற்குக் கரையின் டூபாக் நீண்ட நேரம், மனம் திறந்து, கோபத்தோடு பேசினார். ஆஞ்சிக்கு வயது 25. எல்லாவற்றையும் அப்படியே ஒலிபரப்பியிருந்தால் ஊரே அதைப்பற்றித்தான் பேசியிருக்கும். அது பகையை இன்னும் ஊதிவிடும் என்று அஞ்சி, அவர் சிறு பகுதியை மட்டும் எடுத்துப் போட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் டூபாக் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மார்ச்சில் கிழக்குக் கரையின் ராப்பர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் கொல்லப்பட்டார். பதிவில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது வெளியிலிருந்து பார்க்கச் சாதாரண எடிட்டிங் வேலை மாதிரித் தெரியும். அந்தச் சூழ்நிலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட முடிவு. அதை எடுக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தார் என்பதைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்வேன்.

பாட்டு அதற்கு அடுத்துத்தான் வந்தது. 1997-இல் மூத்த ராப்பர் கே.ஆர்.எஸ்.-ஒன் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டில் ஆஞ்சியைப் பாடவைத்தார். அதே ஆண்டு லில் கிம்மின் ஒரு பாட்டின் மறுவடிவத்தில் லில் கிம், டா பிராட், லெஃப்ட் ஐ, மிஸ்ஸி எலியட், ஆஞ்சி என்று ஐந்து பெண்கள் சேர்ந்து பாடினார்கள். அது கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஐவரில் மற்ற நால்வரும் தேர்ந்த பாடகிகள், ஆஞ்சி வானொலிக்காரர். வரிசையில் நின்று தன் பங்கைக் கணக்காகப் பாடி முடித்தார். 2001-இலும் 2002-இலும் சொந்த ஆல்பங்கள் வந்தன. இரண்டாவதிலிருந்து ஒரு பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு நூறு பாட்டுப் பட்டியலில் 15-ஆம் இடம்வரை ஏறியது.

பெரிய ராப்பர் என்று யாரும் அவரைச் சொல்வதில்லை, அதைச் சொல்வதில் குறையும் இல்லை. ஆனால் ராப் பாடியது அவருடைய வானொலி வேலையை மாற்றியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பாட்டுப்பதிவு அறையில் நின்று, மூச்சு தப்பி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் கலைஞரும் அதைக் கண்டுகொள்வார். 2014-இல் பல ஆண்டுகள் இருந்த நிலையத்தை விட்டு, போட்டி நிலையமான பவர் 105.1-க்கு மாறினார். நேயர்களும் கூடவே வந்தார்கள். 2020-இல் அமெரிக்காவின் வானொலிப் புகழரங்கில் அவர் பெயர் சேர்ந்தது. இத்தனைக்கும் அடியில் இருந்தது குரல் மட்டுமில்லை. எந்தப் புதுப் பாட்டைக் காற்றில் ஏற்றுவது, யாரைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைப்பது என்பதில் அவர் பேச்சு எடுபட்டது. இரண்டு புதுப் பாட்டை மோதவிட்டு நேயர்களை வாக்களிக்கச் சொன்ன நிகழ்ச்சிப் பகுதி அவர் கையில் இருந்தது. பெயர் தெரியாத ஒரு பையனையோ பெண்ணையோ ஒரே மாலையில் ஊருக்கு அறிமுகப்படுத்தும் வலு அது.

ஆஞ்சிக்கு முன்னாலேயே பாதை இருந்தது. பிலடெல்ஃபியாவில் வானொலியில் பேசிக்கொண்டிருந்த லேடி பி, 1979-இலேயே ராப் இசைத்தட்டு வெளியிட்டார். தனியாகத் தட்டு போட்ட முதல் பெண் ராப்பர்களில் அவர் ஒருவர். பாடகியாக அறிமுகமாகி அப்புறம் அறிவிப்பாளரானவர் லண்டனில் பிறந்த மோனி லவ். 1984-இல் 14 வயதில் பாடிப் பெயர் வாங்கிய ரோக்ஸான் ஷாண்டே, பல ஆண்டு கழித்து வானொலி நிகழ்ச்சி நடத்த வந்தார். இன்னும் பின்னால் போனால், ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடப்படும் 1973 ஆகஸ்ட் 11 விருந்தை நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்கூடம் திறக்கும்முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம் வைத்தார். பாட்டுத் தட்டுகளைச் சுழற்றிய அண்ணன் கூல் ஹெர்க்கின் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும்.

காற்றில் வந்த தாளம்

ராப்பின் முன்னோர்களில் வானொலி அறிவிப்பாளரும் உண்டு. 1950-களில் ஜாக்கோ ஹெண்டர்சன் போன்ற கறுப்பின அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னும் பின்னும் எதுகையோடு, தாளக்கட்டோடு பேசினார்கள். அடுத்து என்ன பாட்டு என்று சொல்வதே ஒரு சின்னப் பாட்டு மாதிரி இருக்கும். அமெரிக்கத் தென்பகுதி நிலையங்களின் அலைகள் இரவில் கடல் தாண்டி ஜமைக்காவுக்குப் போயின. அங்கே தெருவிருந்துகளில் பெரிய ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போட்டவர்கள் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பாணியில் இசைமேல் பேசினார்கள். கூல் ஹெர்க் ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிவந்தவர். ஆக, வானொலியில் கிளம்பிய பேச்சு ஒரு தீவைச் சுற்றிவிட்டு ராப்பாகத் திரும்பி வந்தது.

இரவு அலைகள் கடல் தாண்டும் கதை மலைக்காரர்களுக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை மலைத்தோட்டங்களில் விரும்பிக் கேட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகம், விசாலாக்ஷி ஹமீது போன்ற பெண் அறிவிப்பாளர்களின் பெயரை இன்றைக்கும் வயதானவர்கள் சொந்தக்காரர் பெயரைப்போலச் சொல்வார்கள். நீலகிரியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் குடியமர்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ. பிறந்த மண்ணை விட்டுவந்த குடும்பங்களுக்கு மாலையில் கொழும்பு நிலையத்தைத் திருப்பிப் பிடிப்பது பொழுதுபோக்கு மட்டுமாக இருந்திருக்காது.

அந்த வாழ்க்கை ராப்புக்குள்ளும் வந்துவிட்டது. 2021-இல் ராப்பர் அறிவும் பாடகி தீயும் பாடிப் பல நாடுகளில் பரவிய 'என்ஜாய் எஞ்சாமி'க்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். கூடலூர்ப் பக்கம் அதே பாதையில் வந்த பாட்டிகள் எத்தனையோ பேர். அவர்கள் பாடும் ஒப்பாரியில் சண்டை இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கங்காணியைத் திட்டும் வரி இருக்கிறது. அந்த இடத்திலேயே வார்த்தை கட்டி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவது ராப்பின் வேலையும்தான். ஒப்பாரி பெண்களின் கலை. ராப் ஆண்களுடையது என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பதை அறிவிப்பாளர் அறையில் பார்க்கலாம். பாட்டின் முன்னிசை ஓடத் தொடங்கிவிட்டது, பல்லவி வர 14 நொடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம், பாடியவர், இசையமைத்தவர், கேட்ட நேயர்களின் பெயர், ஊர், எல்லாம் அந்த 14 நொடிக்குள் அடங்க வேண்டும். பாடகியின் முதல் எழுத்து வரும் நேரத்தில் வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு கை ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில், கண் ஓடும் நொடிகளில், மூச்சு எங்கே எடுப்பது என்பது முன்பே தீர்மானமாகியிருக்கும். இப்போது ராப்புக்கு வருவோம். நிமிடத்துக்கு 90 அடி விழும் பீட் என்றால், நான்கு அடி கொண்ட ஒரு பார் 2.67 நொடி. வழக்கமான 16 பார் சரணம் ஏறத்தாழ 43 நொடி. அதற்குள் ஒரு கதையைச் சொல்லி, மூச்சைக் காட்டிக்கொடுக்காமல், கடைசிச் சொல்லைச் சரியாக அடியின்மேல் இறக்க வேண்டும். கேட்பவருக்கு இரண்டிலும் அவசரம் தெரியக்கூடாது.

நேயர் விருப்பக் கடிதங்களை வாசிப்பது இதற்கு நல்ல பயிற்சி. பட்டிவீரன்பட்டி, ஒட்டன்சத்திரம், கொட்டாம்பட்டி என்று மூன்று ஊரை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டாம் எழுத்தில் எதுகை தானாக விழுகிறது, வல்லின ஒற்று ஒவ்வொன்றும் ஒரு தட்டு. நடுவில் நிலக்கோட்டை வந்தால் தாளம் நெகிழும், அங்கே மூச்சு எடுத்துக்கொள்ளலாம். இதைக் காதால் பிடித்த அறிவிப்பாளருக்கு ராப் எழுதத் தனிப்பாடம் அதிகம் தேவைப்படாது. தமிழில் ராப் எழுதும் பலர் ஆங்கில வரியின் நீளத்துக்குத் தமிழை நறுக்கப் பார்த்து, கடைசிச் சொல் மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நம் மொழியில் ஓசை வரியின் தொடக்கத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர் வாசித்துப் பழகிய வாய்க்கு அது தெரியும்.

உயரமான கோபுரம், போகாத பாட்டு

அகில இந்திய வானொலியின் கொடைப் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. தென்மாவட்டங்களில் டீக்கடை, மில், பேருந்து, வயல்வரப்பு என்று அது கேட்காத இடம் குறைவு. காரணம் எளிமையான இயற்பியல். பண்பலை அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு குறுக்கே வரும்வரை எட்டும். கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், மதுரைச் சமவெளி அதைவிட 1,900 மீட்டருக்கு மேல் தாழ்வு. இந்த உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அலையின் அடிவானம் சுமார் 180 கிலோமீட்டர். மதுரை, திண்டுக்கல், தேனி மட்டுமின்றித் திருச்சியும் அதற்குள் வந்துவிடும். சமவெளியில் இத்தனை தூரத்துக்கு ஒரு கோபுரம் கட்டுவதென்றால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

அதே இயற்பியல் மலைக்குள் வேறு மாதிரி வேலை செய்கிறது. முகடு குறுக்கே நின்றால் அலை அந்தப்பக்கம் சரியாக இறங்காது. அதனால் மலையின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் ஒரு சிற்றூரைவிட, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சமவெளி ஊருக்கு மலை நிலையம் தெளிவாகக் கேட்கும். மலையின் குரல் கீழே போகிறது. மலையின் கதையும் கூடவே போகிறதா என்பது தனிக்கேள்வி.

கொடைக்கானல் பற்றி உலகமே கேட்ட ராப் பாட்டு ஒன்று உண்டு. அது எந்தக் கோபுரத்தின் வழியாகவும் போகவில்லை. அதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த, பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரு பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது தொழிற்சாலையும் அந்தக் குழுமத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பாம்பார் சோலையை ஒட்டிய மண்ணில் கலந்தது அங்கேயே நின்றது. வேலை செய்தவர்கள் உடல்நலம் கெட்டதாகச் சொல்லி இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். வேலையால் உடல்நலம் கெடவில்லை என்று நிறுவனம் சொல்லிவந்தது. இப்படியே பதினான்கு ஆண்டு.

2015 ஜூலை கடைசியில் சென்னையைச் சேர்ந்த ராப்பர் சோஃபியா அஷ்ரஃப் 'கொடைக்கானல் வோன்ட்' என்ற காணொளியை வெளியிட்டார். அமெரிக்க ராப்பர் நிக்கி மினாஜின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றின் மெட்டில் புது வரிகள். சில நாட்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள், நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டால் மட்டும் அது நடந்துவிட்டது என்று சொல்வது தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம். பதினைந்து ஆண்டு வழக்கும் போராட்டமும் நடத்தியவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பழைய வழக்கை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது அந்தப் பெண்ணின் குரல்தான்.

சோஃபியா விளம்பர நிறுவனத்தில் வசனம் எழுதியவர். சில நொடிக்குள் பொருளை மனதில் பதியவைக்கும் தொழிலைக் கற்றவர், அதை ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் திருப்பினார். பாட்டு ஆங்கிலத்தில் இருந்ததும் யோசித்துச் செய்ததே. அது லண்டனில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கும், உலகெங்கும் சோப்பு வாங்குகிறவர்களுக்கும் சொன்ன பாட்டு. பின்னர் 2018-இல் டி.எம். கிருஷ்ணாவும் சோஃபியாவும் மற்றவர்களும் சேர்ந்து செய்த அடுத்த காணொளியில் தமிழ் வந்தது. மண்ணைச் சுத்தம் செய்வதில் ஐரோப்பாவுக்கு ஒரு அளவும் கொடைக்கானலுக்கு ஒரு அளவுமா என்பது அதில் எழுந்த கேள்வி.

இங்கே எனக்கு உறுத்தும் விஷயம், இந்தக் கதையைப் பாட சென்னையிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதல்ல. அவர் வந்ததும் பாடியதும் பெரிய காரியம். மூஞ்சிக்கல்லிலேயே வளர்ந்து, தகப்பன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தமிழில் அதை எழுதிய ஒரு பெண் இருந்திருந்தால், அவளுக்கு மலையில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்

வானொலியின் அமைப்பைப் பார்த்தால் பதில் ஓரளவு கிடைக்கும். அகில இந்திய வானொலியில் தினமும் நாம் கேட்கும் குரல்களில் பெரும்பகுதி தற்காலிக அறிவிப்பாளர்களுடையது. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு எல்லாம் உண்டு, பயிற்சியும் தருவார்கள். உச்சரிப்பைத் திருத்தும் விஷயத்தில் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழில் இல்லை என்றே சொல்வேன். ல, ள, ழ மூன்றையும் அங்கே கற்ற பெண்ணுக்கு எந்த மைக்கும் பயமில்லை. ஆனால் மாதத்தில் சில நாட்களே ட்யூட்டி. அதில் குடும்பம் நடத்த முடியாது. இரவு ட்யூட்டி முடியும் நேரத்தில் மலையில் பஸ் இருக்காது, பனியில் ஆட்டோவும் கிடைக்காது. இதையெல்லாம் தாண்டி உள்ளே உட்கார்ந்தாலும், எந்தப் பாட்டு எப்போது என்பது நிகழ்ச்சிப் பிரிவு தயாரித்த தாளில் முன்பே இருக்கும். நிலையத்தில் பாடுவதற்கான தேர்வும் சாஸ்திரிய இசை, மெல்லிசை, நாட்டுப்புற இசை, மேற்கத்திய இசை என்ற வழியில் போகிறது. தமிழ் ராப் இதில் எந்த நாற்காலியிலும் ஒழுங்காக உட்காராது. நாட்டுப்புறப் பிரிவுக்குள் அதைச் சேர்க்க எல்லா நியாயமும் உண்டு. மன்மதன் எரிந்தானா இல்லையா என்று லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மோதிக்கொண்டதை ஏற்றவர்களுக்கு ராப் மோதலை ஏற்பதில் என்ன தடை?

தனியார் பண்பலைகள் மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் இருக்கின்றன. அங்கே பெண் ஆர்.ஜே.க்களுக்குப் பஞ்சமில்லை, சம்பளமும் மேல். பாட்டு பெரும்பாலும் சினிமா, பட்டியல் கணினியில் தயாராகி வரும். சொந்தமாகச் செய்தி சொல்ல இந்தியாவில் தனியார் நிலையத்துக்கு அனுமதி கிடையாது, அகில இந்திய வானொலிச் செய்தியை மறுஒலிபரப்புச் செய்யலாம். பெரிய விளம்பரதாரரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்கும் பாட்டுக்கு அங்கே என்ன வாய்ப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தனைக்கும் தமிழ் ஹிப்ஹாப் வெகுஜனங்களிடம் போய்ச்சேர்ந்ததில் தனியார் பண்பலைக்குப் பங்கு உண்டு. மலேசிய ராப்பர் யோகி பி 2006-இல் போட்ட பாதையில் வந்த கோவைக்காரர் ஹிப்ஹாப் தமிழா ஆதி, ஒரு பண்பலை நிகழ்ச்சியில் பாடிய ராப்தான் 2011 வாக்கில் யூடியூபில் பரவி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பாட்டு கிளப்புக்குப் போய்க் குடிக்கும் பெண்களைக் கண்டிப்பது. ஊர் கைதட்டியது, பெண்களைக் குறிவைப்பதாக எதிர்ப்பும் வந்தது. பதில் சொல்லி ஒரு பெண் அதே மாதிரி நிகழ்ச்சியில், அதே பீட்டில் பாடியிருந்தால் தமிழ் ராப்பின் போக்கே கொஞ்சம் வேறாக இருந்திருக்கும். 1984-இல் ரோக்ஸான் ஷாண்டே செய்தது சரியாக அதைத்தான். ஆண்கள் பாடிய ஒரு பாட்டுக்குப் பதிலாகப் பாடினார், வானொலி அதை ஒலிபரப்பியது, அப்புறம் பதிலுக்குப் பதிலாகத் தட்டுகள் குவிந்தன.

மிச்சமிருப்பது சமுதாய வானொலி. என் நம்பிக்கை அங்கேதான். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி திறந்தது. அலைபரப்பும் திறன் 100 வாட், கோபுரம் 30 மீட்டர், இதுதான் பொதுவான வரம்பு. கொடைப் பண்பலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, சில மைல் தூரம் கேட்டால் பெரிது. ஆனால் நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்களிப்பில் தயாராக வேண்டும் என்பது விதி. நீலகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் ரேடியோ கோத்தகிரி, பழங்குடி மக்களின் மொழிகளில் அந்தச் சமூகத்தாரையே பேசவைக்கிறது. சந்தைக்குப் போன இருளர் பெண் தன் மொழியைக் காற்றில் கேட்கிறாள். ஒரு மொழி வீட்டுக்குள் மட்டும் பேசப்படாமல் ரேடியோவிலும் பேசப்படும்போது, அதில் ராப் எழுதலாம் என்ற எண்ணம் அந்த வீட்டுப் பிள்ளைக்கு வருவதற்கு அதிக காலம் ஆகாது.

பழனி மலைக்கும் இப்படி ஒரு நிலையம் வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கத்துப் பூண்டு விலையும் உருளைக்கிழங்கு விலையும் சொல்லிவிட்டு, அடுத்த நான்கு நிமிடத்தில் அந்த ஊர்ப் பெண் எழுதிய ராப்பைப் போடும் நிலையம். அங்கே சேரும் பெண்பிள்ளைகளிடம் நான் சொல்வேன், பேசுவதோடு நிற்காதீர்கள். ஒலியைக் கட்டுப்படுத்தும் கன்சோலைக் கற்றுக்கொள்ளுங்கள், பதிவை வெட்டி ஒட்டுவதைக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் பீட்டை நீங்களே செய்யுங்கள். அடுத்தவர் மெட்டில் பாடியது காணொளிக்குச் சரி, வானொலியில் உரிமைச் சிக்கல் வரும். அப்புறம் முக்கியமாக, பட்டியல் தயாரிக்கும் கூட்டத்தில் உட்காருங்கள்.

அதற்குச் சட்டமும் இப்போது துணை நிற்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய சமுதாய வானொலி விதிகளின்படி, ஒவ்வொரு நிலையத்தின் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரமும் 12 நிமிடமாகியிருக்கிறது. உள்ளூர்க் கடைக்காரர் விளம்பரத்தில் ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்க இது கொஞ்சம் வழிசெய்யும். குழுவில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு விட்டுவிடாமல், எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு, யாருடைய பேட்டி எவ்வளவு நீளம் என்பதை அந்தப் பெண்கள் உட்கார்ந்து முடிவுசெய்கிறார்களா என்று உரிமம் வாங்கும் நிறுவனங்களிடம் மலைக்காரர்கள் கேட்க வேண்டும்.